தினமும் சாம்பார் வைத்தும் புரதம் குறையுமா?

திருப்பூர் கலை:
வீட்டில் நாலு பேர். நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனி வேலை. பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி. கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் எங்கள் சாப்பாட்டில் புரதம் போதவில்லை என்று சொல்லி, புரத மாவு டப்பா ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டேன். தினமும் பருப்பு போட்டுத்தானே சாம்பார் வைக்கிறேன், அப்புறம் எப்படிக் குறையும்? மாதம் ஆயிரம் ரூபாய் கூடுதலாக ஒதுக்கலாம். அதற்கு மேல் வழியில்லை.

மானாவாரி:
டப்பாவை விடுங்கள் தங்கச்சி. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியே புரத மாவு வேண்டாம் என்கிறது. அவர்கள் கணக்கில் உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் இருந்தால் போதும். 65 கிலோ ஆணுக்கு நாளைக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம். இதைப் பருப்பு, பயறு, கடலையிலேயே எடுத்துவிடலாம். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். அதில் 220 கிராம் புரதம் இருக்கிறது. இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?

கடலோரத்தான்:
ரேஷன் பருப்பு மாதத்துக்கு ஒரு கிலோதான் அண்ணா. நாலு பேர் வீட்டில் அது ஒரு வாரம் வரும். மீதி நாளுக்கு மளிகைக் கடையில் நாலு மடங்கு விலை கொடுக்க வேண்டும்.

கலை கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். குழம்புக்கு ஒரு ஆழாக்கு பருப்பு போடுவீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது சுமார் 150 கிராம், அதில் புரதம் 33 கிராம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு எட்டு கிராம்தான் வருகிறது. அதுவும் காலை இட்லிக்கும் மதியச் சோற்றுக்கும் சேர்த்து! ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் அதிலேயே 20 கிராம் வந்துவிடும். நம் வீடுகளில் சாம்பாரைவிடச் சோறுதான் அதிகப் புரதம் தருகிறது. இரண்டையும் கூட்டினால் 28. உங்களுக்கே பதினெட்டு கிராம் குறைகிறது, வீட்டுக்காரருக்கு இன்னும் அதிகம். அந்த இடத்தை முட்டையும் மீனும்தான் நிரப்பும்.

மானாவாரி:
கணக்கு சரி தம்பி, முடிவு சரியில்லை. குழம்பு தண்ணியாக இருந்தால் பருப்பைக் கூட்ட வேண்டும். புரதத்தின் கூறுகளில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புரதத்தின் தரமும் உயரும்.

பருப்பு விலை அதிகம் என்றால் மீல் மேக்கர் இருக்கிறதே. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, நூறு கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். எங்கள் ஊரில் நூறு கிராம் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. முட்டை ஏழு ரூபாய், ஆறு கிராம் புரதம். 420 ரூபாயை முட்டையில் போட்டால் மாதம் 360 கிராம், மீல் மேக்கரில் போட்டால் ஆயிரத்தைத் தாண்டும். கையில் பணம் குறைவாக இருக்கும்போது இந்த வித்தியாசத்தை எப்படி விடுவது?

கடலோரத்தான்:
தினமும் மீல் மேக்கர் போட்டால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் தட்டைத் தள்ளிவிடும். முட்டையில் புரதம் மட்டுமா இருக்கிறது? பி12 வைட்டமின் எந்தப் பருப்பிலும் கிடையாது. சாளை மீனில் நூறு கிராமுக்குப் புரதம் இருபது கிராம் பக்கம் வரும், நல்ல கொழுப்பும் உண்டு. தூத்துக்குடியில் வரத்து அதிகமான நாளில் சாளைதான் ஏழை வீட்டுக் குழம்பு.

திருப்பூர் கலை:
அண்ணா, இங்கே மீன் வந்து சேரும்போது விலை ஏறிவிடுகிறது. முட்டை முடியும். வீட்டுக்காரருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று என்று வாங்கலாம்.

செவிலி:
உங்களுக்கு எங்கே கலை?

இதைக் கோபமாகக் கேட்கவில்லை. பத்துப் பதினைந்து வருடமாக வார்டில் பார்ப்பது இதுதான். முட்டையை எண்ணி வாங்குகிற வீட்டில் அம்மா ரசத்தோடும் மோரோடும் முடித்துக்கொள்கிறார். அப்புறம் உடம்பில் தெம்பே இல்லை என்று வருகிறார். உங்கள் பிள்ளைகளுக்குச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை கிடைக்கிறது. வீட்டு முட்டை உங்களுக்கும் அவருக்கும் இருக்கட்டும். இன்னொன்று, மஞ்சள் கருவை ஒதுக்காதீர்கள். முட்டைப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது.

நீங்கள் இரண்டு பேரும் ஏதாவது ஒன்று மட்டும்தான் என்று ஏன் பிடிவாதமாக இருக்கிறீர்கள்? ஆயிரம் ரூபாயில் இப்படிப் பிரிக்கலாம். முட்டை அறுபது, சுமார் 420. நிலக்கடலை ஒன்றரைக் கிலோ, 225. கொண்டைக்கடலையும் கொள்ளும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல், 180. மீல் மேக்கர் அரைக் கிலோ, 100. மொத்தம் 925. இதில் குடும்பத்துக்கு நாளைக்கு 40 கிராமுக்கு மேல் புரதம் கூடுகிறது. பெரியவர்கள் இருவருக்கும் ஆளுக்கு 14 கிராம் பக்கம் வரும்.

மானாவாரி:
அம்மா, சோறும் சாம்பாரும் தரும் 28-ஓடு அந்த 14-ஐக் கூட்டினாலும் 42தான் ஆகிறது. முட்டைக்குப் போகும் 420-இல் பாதியைக் கடலைக்கும் பயறுக்கும் மாற்றினால் குடும்பத்துக்கு இன்னும் கொஞ்சம் புரதம் கூடும். வாரத்தில் மூன்று நாலு முட்டை சாப்பிட்டாலே பி12-க்கு ஓரளவு உதவும். அதற்கு மேல் முட்டைக்குச் செலவழிப்பது வீண் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

செவிலி:
கடலையும் பயறும் வேக வைக்க கேஸ் வேண்டும் ஐயா, நேரம் வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டு முடித்து வருகிற பெண் தினமும் சுண்டல் போட முடியுமா? முட்டை பத்து நிமிடத்தில் வெந்துவிடும். அவர் நேரத்துக்கும் ஒரு விலை போட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

கடலோரத்தான்:
அக்கா சொன்னதோடு கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் சேர்த்துக்கொள்ளலாம். காய்ந்த பொருள், திருப்பூர் சந்தையிலும் கிடைக்கும். ஒரு கைப்பிடியே புரதம் நிறையத் தரும். உப்பு அதிகம் என்பதால் வெந்நீரில் அலசிவிட்டுப் போடுங்கள், குழம்புக்குத் தனி உப்பு வேண்டாம்.

திருப்பூர் கலை:
அக்கா சொன்ன பட்டியலை வீட்டுக்காரரிடம் காட்டினேன். கொள்ளு சூடு என்கிறார், அவருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அதற்குப் பதில் தட்டைப்பயறு போடலாமா? நிலக்கடலையை வறுக்காமல் வேக வைத்துக் கம்பெனிக்குக் கொண்டுபோனால் மாலை வரைக்கும் கெடாமல் இருக்குமா?

மானாவாரி:
தட்டைப்பயறு தாராளமாகப் போடலாம், புரதம் கிட்டத்தட்ட கொள்ளு அளவேதான். ராத்திரியே ஊற வையுங்கள், நாலு விசிலில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். வேக வைத்த கடலை வெயிலில் மாலைக்குள் ஊசிப்போகும், காலை இடைவேளையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மாலைக்கு வறுத்தது கொண்டுபோங்கள், புரதம் ஒன்றும் குறையாது.