பெரிய வீட்டுக் குழு: ஹை-ஃபை ரஷ்

கதிர்: மலர் அக்கா, நீ சொன்ன ஹை-ஃபை ரஷ் வீடியோ கேமை நேற்று ராத்திரி ஆரம்பித்தேன். பாட்டின் தாளத்துக்கு அடித்துச் சண்டை போடணும். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் முதல் பாஸ், அதாவது கட்டத்தின் பெரிய எதிரியான ரோபோவிடமே மாட்டிக்கொண்டேன். ஒரு அடி முந்துகிறது, அடுத்தது பிந்துகிறது.

மலர்: பட்டனைப் படபடவென்று தட்டாதே. எக்ஸ் பட்டன் அடி ஒரு பீட், அதாவது ஒரு தாளத் தட்டு; ஒய் பட்டன் அடி இரண்டு பீட். ஒய் அமுக்கினால் அடுத்த பீட்டைச் சும்மா விடணும்.

மலர்: தப்பாக அமுக்கினாலும் சாயின் அடி பாட்டோடுதான் போய் விழும். சரியாக அமுக்கினால் கூடுதல் பலன். அதனால் பயப்படாதே.

பெரியம்மா: சாய் யாரம்மா?

மலர்: கதாநாயகன், பெரியம்மா. ரோபோ கை பொருத்தப் போன இடத்தில், பாட்டுக் கேட்கும் கருவி தவறி நெஞ்சில் பதிந்துவிடும். அன்றிலிருந்து அவனைச் சுற்றி மரம், படிக்கட்டு எல்லாமே பாட்டுக்கு ஆடும்.

பெரியம்மா: அப்போ நம்ம ஆதி தாளம் மாதிரிதான். தட்டிவிட்டு வீசுகிறோம் இல்லையா, வீச்சுக்குச் சத்தம் கிடையாது, கணக்கு உண்டு. புதிதாகக் கற்கிற பிள்ளைகள் அந்த இடத்தில்தான் ஓடிவிடுவார்கள். கதிர், ஒய் என்றால் தட்டு, வீச்சு. வீச்சை விழுங்காதே.

கதிர்: அதேதான் பெரியம்மா! வீச்சை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

பாபு: இதை 2023 ஜனவரி 25 அன்று அறிவித்து அன்றைக்கே வெளியிட்டார்கள். உருவாக்கியது டோக்கியோவின் டாங்கோ கேம்வொர்க்ஸ் ஸ்டூடியோ. அதுவரை பேய் விளையாட்டுக்குப் பேர்போனவர்கள்.

மலர்: 2024 மே மாதம் அந்த ஸ்டூடியோவை மூடப்போவதாக அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் சொன்னபோது எனக்கு மனசே விட்டுப்போச்சு. ஆகஸ்டில் கிராஃப்டான் என்ற கொரிய கேம் நிறுவனம் எடுத்துக்கொண்டதும்தான் நிம்மதி.

கதிர்: எண்ணி அடித்துப் பார்த்தேன். இன்னும் ஒரு நூல் தள்ளியே விழுகிறது.

மலர்: எதில் கேட்கிறாய்?

கதிர்: புளூடூத் இயர்போன்.

மலர்: முதலில் அதைக் கழற்று! சத்தம் பிந்தித்தான் காதுக்கு வரும். நிமிடத்துக்கு 120 பீட் என்றால் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் அரை நொடிதான். கால் நொடி பிந்தினால் பாதி பீட் போச்சு. வயர் உள்ளதை மாட்டு. சாயோடு கூடவே வரும் 808 என்ற ரோபோ பூனையையும் பார், பீட்டுக்கு மின்னும்.

(இரவு 11.20)

கதிர்: அந்த பாஸை முடித்துவிட்டேன்!! காலால் தாளம் போட்டுக்கொண்டே அடித்தேன். கடைசியில் திரையில் வட்டம் சுருங்கும்போது அமுக்கினேன், பாட்டும் அடியும் ஒன்றாக விழுந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

பெரியம்மா: ஞாயிறு வருகிறேன். எனக்கு அந்தப் பூனையைக் காட்டு.