அயர்லாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக் எங்கே கிடைக்கும்?

பழைய_ஸ்டோக்காரன்

இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டில் படித்து, அங்கேயே சில காலம் வேலையும் பார்த்துவிட்டு இப்போது அயர்லாந்தில் கார்க் நகரம் வந்து சேர்ந்திருக்கிறேன். இட்லி அரிசி, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் கடை கண்டுபிடித்தாயிற்று, கேள்வி அதைப் பற்றி இல்லை. எனக்கு வேண்டியது ஸ்டாஃபர்ட்ஷயர் ஓட்கேக்.

தெரியாதவர்களுக்கு: ஓட்ஸ் மாவும் கோதுமை மாவும் சேர்த்து, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, சூடான கல்லில் ஊற்றி இரண்டு பக்கமும் சுட்டு எடுப்பது. பார்க்க நம் தோசை மாதிரிதான், ஆனால் மொறுமொறுப்பு கிடையாது, மெத்தென்று இருக்கும். உள்ளே செடார் சீஸும் பேக்கனும் வைத்து மடித்து, சீஸ் உருகும்வரை சூடாக்கி, பிரவுன் சாஸ் விட்டுச் சாப்பிடுவார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது காலையில் திறந்திருக்கும் ஓட்கேக் கடைதான் எனக்குச் சமையலறையாக இருந்தது.

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஓட்கேக் என்று கேட்டால் ஸ்காட்லாந்துக்காரர்களின் கெட்டி பிஸ்கட்டை எடுத்து நீட்டுகிறார்கள். அது வேறு சரக்கு. இங்குள்ள இங்கிலீஷ் மார்க்கெட்டிலும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். 1788-இல் ஆரம்பித்த சந்தை, பெயர்தான் இங்கிலீஷ், உள்ளே போனால் டிரைப் (மாட்டுக் குடல்), டிரிஷீன் (ரத்த சாசேஜ்) என்று சுத்தமான கார்க் சாப்பாடு. சரி, குற்றம் சொல்ல முடியாது.

அயர்லாந்தில் எங்காவது கிடைக்கிறதா? தபாலில் வரவழைத்தவர்கள் உண்டா? வேறு வழியே இல்லை என்றால் வீட்டில் செய்யவும் தயார்.

லீஸ்லிப்_அக்கா

தம்பி, கடையில் தேடுவதை விட்டுவிடுங்கள். இங்கிலாந்திலேயே ஸ்டாஃபர்ட்ஷயர், பக்கத்து செஷயர், டெர்பிஷயர் தாண்டினால் இது கிடைப்பது அபூர்வம். டெர்பிஷயர்க்காரர்கள் சுடுவதும் கொஞ்சம் தடிமனாக இருக்கும், ஸ்டோக்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். லண்டனில் இருந்தபோது கூட வேலை பார்த்த ஆங்கிலேயர்களிடம் கேட்டிருக்கிறேன், பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

காரணம் சாதாரணமானது. சுட்ட அன்றைக்கே தின்ன வேண்டிய பண்டம், சின்னச் சின்னக் கடைகள் அந்தந்தத் தெருவுக்குச் சுட்டுப் போட்டே பிழைத்தவை. வீட்டு முன்னறை ஜன்னல் வழியாகவே விற்ற கடைகள் முன்பு நிறைய இருந்தன. ஸ்டோக்கின் ஹான்லி பகுதியில் அப்படி மிச்சமிருந்த 'ஹோல் இன் தி வால்' 2012-இல் மூடப்பட்டது. பர்மிங்காமுக்கே ஒழுங்காக வராத பொருள் கடல் தாண்டி கார்க்குக்கு எப்படி வரும்?

அப்புறம், இந்தியாவில் இருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர்கள் சப்பாத்தியை நினைத்துக்கொண்டு செய்ததுதான் இது என்று ஸ்டோக்கில் ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, நான் நம்புவதில்லை. குளிரும் ஈரமும் உள்ள மேட்டு நிலத்தில் கோதுமையை விட ஓட்ஸ் நன்றாக விளையும், விளைந்ததை அரைத்துச் சுட்டார்கள், அவ்வளவுதான்.

ஹோலிஹெட்_கப்பல்

தபால் வேண்டாம். நான் ஒரு முறை வரவழைத்தேன், பார்சல் சுங்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது, கைக்கு வந்தபோது பச்சைப் பூஞ்சை. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு, அதாவது 2021 ஜனவரியில் இருந்து, பிரிட்டனில் இருந்து வரும் பார்சலுக்குச் சுங்கப் படிவம் வேண்டும். 22 யூரோவுக்குக் குறைந்த பொருளுக்கு இருந்த வாட் விலக்கும் அதே வருடம் ஜூலையில் போய்விட்டது. வாட் தொகையை விட இந்தத் தாமதம்தான் ஓட்கேக்கைக் கொல்கிறது.

அந்தப் பக்கம் போகிற வேலை இருந்தால் நீங்களே தூக்கிக்கொண்டு வருவதுதான் நல்லது. ஸ்டோக்கில் ரயில் ஏறினால் க்ரூ, அங்கிருந்து செஸ்டர் வழியாக ஹோலிஹெட், பிறகு டப்ளினுக்குக் கப்பல். ரயிலுக்கும் கப்பலுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட் உண்டு, விமானத்தைப் போல மூட்டை எடை பார்க்கிற தொல்லையும் கிடையாது. ஓட்கேக்கை மட்டும் கொண்டு வாருங்கள். கூடவே அந்த ஊர் பேக்கனையும் சீஸையும் அள்ளி வரலாம் என்று நினைக்காதீர்கள், பிரிட்டனில் இருந்து இறைச்சி, பால் பொருட்களைப் பையில் வைத்துக்கூடக் கொண்டு வரக் கூடாது. செடாருக்கும் ரேஷருக்கும் (இங்கே பேக்கன் துண்டை அப்படித்தான் சொல்வார்கள்) அயர்லாந்தில் என்ன பஞ்சம்?

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒட்டி ஒரே பாளமாகிவிடும்.

ஸ்லைகோ_சித்தப்பா

பாக்ஸ்டி சாப்பிட்டுப் பாருங்களேன். உருளைக்கிழங்கைத் துருவிப் போட்டுச் சுடுவது, எங்கள் பக்கத்து லீட்ரிமில் பிரபலம். அதற்குள்ளும் பேக்கன் வைத்துச் சாப்பிடலாம்.

பழைய_ஸ்டோக்காரன்

சித்தப்பா, பாக்ஸ்டி பிடிக்கும், ஆனால் இட்லி கேட்டவனுக்கு இடியாப்பம் போட்டால் எப்படி? :)

கப்பல் யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் கார்க்கில் இருந்து டப்ளின் துறைமுகம் போவதே ஒரு யாத்திரை. வீட்டில் சுடுகிறவர்கள் யாராவது அளவு சொல்லுங்கள்.

கல்லும்_கரண்டியும்

நான் சுடுகிறேன், அதுவும் ஊரில் இருந்து கொண்டு வந்த இரும்பு தோசைக்கல்லில். இதற்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது.

நைஸான ஓட்ஸ் மாவு 225 கிராம், கோதுமை மாவு 225 கிராம் (நான் முழுக்கோதுமையும் வெள்ளை மாவும் பாதிப் பாதி போடுகிறேன்), உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டீஸ்பூன், 7 கிராம் ஈஸ்ட் பாக்கெட் ஒன்று. பாலும் தண்ணீரும் சம அளவு கலந்து 850 மில்லி, கை பொறுக்கும் சூட்டில். பால் இல்லாமல் வெறும் தண்ணீரிலும் வரும், நிறம்தான் கொஞ்சம் வெளிறும். கட்டியில்லாமல் கரைத்து, மூடி, கதகதப்பான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே நுரை கட்டியிருக்க வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஒரு மணி நேரத்தில் ஒன்றும் நடக்காது, பேக்கிங் அடுப்பில் (oven) சூடு போடாமல் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்துவிடுவேன்.

கல்லில் எண்ணெயைத் துடைத்தாற்போல் தடவி, ஒரு பெரிய கரண்டி மாவை ஊற்றுங்கள். தோசை மாதிரி கரண்டியால் இழுத்துத் தேய்க்காதீர்கள், நம் கைக்கு அதுதான் பழக்கம் என்பதால் சொல்கிறேன். கல்லைச் சாய்த்து மாவைத் தானாக ஓட விட வேண்டும், அப்போதுதான் மேலே ஓட்டை ஓட்டையாக வரும். ஈரம் காய்ந்ததும் திருப்பிப் போடுங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று நிமிடம். முதல் ஓட்கேக் யாருக்கும் ஒழுங்காக வராது, அது சுடுகிறவர் வாய்க்கு.

பழைய_ஸ்டோக்காரன்

ரொம்ப நன்றி. நைஸான ஓட்ஸ் மாவுக்கு எங்கே போவது? இங்கே எந்தக் கடையிலும் கஞ்சிக்குப் போடும் ஓட்ஸ்தான் கண்ணில் படுகிறது. பின்ஹெட் ஓட்மீலும் பார்த்தேன், அது குருணை மாதிரி இருக்கிறது.

கல்லும்_கரண்டியும்

பின்ஹெட் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் ஊறாது. ஃப்ளாஹவன்ஸ் மாதிரி சாதாரணக் கஞ்சி ஓட்ஸ் போதும், அதை மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால் சரியாக வரும். நீங்கள் கார்க்கில் இருப்பதால் மக்ரூம் ஓட்மீலும் வாங்கிப் பார்க்கலாம், வறுத்து அரைத்தது, மணமே தனி, ஆனால் கொரகொரப்பு அதிகம் என்பதால் அதையும் மிக்ஸியில் ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். எதுவானாலும் பவுடராக்கிவிடாதீர்கள், மாவு கல்லில் ஒட்டிக்கொண்டு பெயராது. சன்ன ரவைப் பதத்தில் நிறுத்துங்கள். ஊறிய பிறகு கெட்டியானால் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், ரவா தோசை மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும்.