நேற்றுச் சேமித்த கோப்பை இன்று எங்கே தேடுவது?

கேள்வி: கோத்தகிரி கணக்கு

வணக்கம். கோத்தகிரி அருகே சிறு தேயிலை விவசாயிகள் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். அன்றன்று பறித்த பசுந்தேயிலையின் எடையை எக்செல் கோப்பில் பதிந்து, மாலையில் சேமித்துவிட்டுத்தான் கணினியை அணைக்கிறேன். ஆனால் மறுநாள் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறதென்று தேடுவதிலேயே அரை மணி நேரம் போய்விடுகிறது. செவ்வாய்க்கிழமை, தொழிற்சாலையிலிருந்து மின்னஞ்சலில் வந்த பட்டியலை அப்படியே திறந்து, 43 பேருடைய எடையையும் கைச்சீட்டுகளோடு ஒப்பிட்டுத் திருத்திச் சேமித்தேன். இப்போது திருத்தாத பழைய பட்டியல்தான் கிடைக்கிறது. "புதிய கணக்கு", "புதிய கணக்கு 2" என்றே பெயரிட்டு வந்ததால் பெயரைக் கொண்டும் தேட முடியவில்லை. சனிக்கிழமை பணம் கொடுக்க வேண்டும். என்னிடம் இருப்பது விண்டோஸ் 11.

பதில்: குன்னூர் வாசி

முதலில் செவ்வாய்க்கிழமைக் கோப்பை மீட்போம். மின்னஞ்சல் இணைப்பைத் தனியே சேமிக்காமல் நேரடியாகத் திறந்தால், கணினி அதை ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைத்துத் திறப்பதுண்டு. அந்த ஃபோல்டர் சாதாரணமாகக் கண்ணில் படாது. எக்செலைத் திறந்து, ஃபைல், ஓப்பன், ரீசென்ட் என்று போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் அது இருக்கும் பாதை சிறிய எழுத்தில் தெரியும். "டெம்ப்" அல்லது "ஐநெட்கேஷ்" என்ற சொல் அந்தப் பாதையில் இருந்தால் அதுதான் நீங்கள் தேடுவது. திறந்தவுடன் வேறெதுவும் செய்யாமல் எஃப்12 விசையை அழுத்தி, டாக்குமெண்ட்ஸில் உங்கள் கணக்கு ஃபோல்டரைத் தேர்ந்து சேமித்துவிடுங்கள். தற்காலிக ஃபோல்டர்கள் எப்போது துடைக்கப்படும் என்று சொல்ல முடியாது என்பதால் இன்றே செய்துவிடுங்கள்.

பதில்: உதகை நூலகம்

பெயர் நினைவில்லாதபோது தேதியைக் கொண்டு தேடுவதே நல்லது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டாக்குமெண்ட்ஸைத் திறந்து, தேடும் கட்டத்தில் *.எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்பதை ஆங்கில எழுத்துகளில் இட்டு என்டர் தட்டினால், உள்ளே எந்த ஃபோல்டரில் இருந்தாலும் அந்த வகை எக்செல் கோப்புகள் எல்லாம் வரும். பிறகு மேலே "சர்ச் ஆப்ஷன்ஸ்" என்பதில் "டேட் மாடிஃபைடு", "திஸ் வீக்" என்று தேர்ந்தால் இந்த வாரம் கைபட்டவை மட்டும் நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள், நானே பலமுறை ஏமாந்த இடம் இது: ஃபோல்டருக்கு எதிரே தெரியும் தேதியை நம்ப வேண்டாம். ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் இருந்து, அதில் இன்று ஒரு கோப்பைச் சேமித்தால், வெளி ஃபோல்டரின் தேதி மாறுவதில்லை. போன மாதத் தேதி காட்டுகிறதே என்று திறக்காமல் விட்டதற்குள்தான் இன்றைய கோப்பு இருக்கும்.

பதில்: கொடைக்கானல் தட்டச்சர்

பெயரைத் தேதியோடு தொடங்குங்கள்: "2025-07-15 இலை எடை". ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதினால் பெயர்வரிசையும் நாள்வரிசையும் ஒன்றாகிவிடும். குழுவின் பழைய தீர்மானங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தால், யூனிகோடு தமிழில் தேடி அவற்றின் உள்ளடக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. அத்தகைய கோப்புகளுக்குப் பெயரையாவது யூனிகோடில் வைத்துவிடுங்கள்.

கோத்தகிரி கணக்கு

மிக்க நன்றி. ரீசென்ட் பட்டியலில் நான்காவதாக இருந்தது. பாதையில் "ஐநெட்கேஷ்" என்றே இருந்தது. 43 பேருடைய எடையும் திருத்தியபடியே இருக்கிறது. டாக்குமெண்ட்ஸில் "இலைக் கணக்கு" என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் சேமித்துவிட்டேன். எக்செலில் சேமிக்கும்போதெல்லாம் அந்த ஃபோல்டரே முதலில் வரும்படி செய்ய வழி உண்டா?

குன்னூர் வாசி

உண்டு. எக்செலில் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் என்று போனால் "டிஃபால்ட் லோக்கல் ஃபைல் லொகேஷன்" என்ற கட்டம் இருக்கும். அதில் அந்த ஃபோல்டரின் பாதையை ஒட்டிவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரில் அதே ஃபோல்டரின் மேல் வலது சொடுக்கு செய்து "பின் டு குயிக் ஆக்சஸ்" கொடுத்தால் இடப்பக்கத்தில் எப்போதும் நிற்கும்.