செய்யாற்று வீடு – குடும்பக் குழு

வளர்மதி: பொங்கலுக்குச் சென்னையில் இருப்பவர்கள் கவனிக்கவும். அரசு நடத்தும் நாட்டுப்புறக் கலை விழா, சென்னை சங்கமம் தொடங்கிவிட்டது. நேற்று பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். டிக்கெட்டும் கிடையாது, பாஸும் கிடையாது. போய் உட்கார வேண்டியதுதான்.

வளர்மதி: பொய்க்கால் குதிரை வீடியோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

சுந்தரி அத்தை: கூட்டம் எப்படி? என் முட்டியை வைத்துக்கொண்டு மணலில் உட்கார முடியாது.

வளர்மதி: நாற்காலி போட்டிருக்கிறார்கள் அத்தை. சீக்கிரம் வந்தால் கிடைக்கும்.

பாலு சித்தப்பா: காரில் மட்டும் வராதீர்கள். வண்டி நிறுத்த இடம் கிடைப்பதற்குள் கரகாட்டம் முடிந்துவிடும். 29சி பஸ் பெசன்ட் நகரிலேயே இறக்கிவிடும்.

பெரியப்பா: வீடியோ பார்த்தேன். குதிரை ஆட்டம் அருமை. தெருக்கூத்து இருந்ததா அம்மா?

வளர்மதி: இருந்தது பெரியப்பா. அரை மணி நேரம்.

பெரியப்பா: அரை மணியா! கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளி, கட்டியக்காரன், சபைக்கு வந்தனம் சொல்லி முடிக்கவே அது போதாதே.

கார்த்தி: ஆரம்பித்துவிட்டார் 😄

பெரியப்பா: சிரிக்காதே. நம் பக்கத்தில் இரவு தொடங்கினால் விடியும்போதுதான் மங்களம். துரியோதனன் சட்டென்று வந்து நிற்க மாட்டான். இரண்டு பேர் திரையைப் பிடித்திருப்பார்கள். பின்னால் சலங்கைச் சத்தம், பாட்டு. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். ஒரு கை வரும், போகும். ஜனம் தவித்துப்போன பிறகுதான் திரை விலகும். அந்தத் தவிப்பை வெட்டிவிட்டால் வேஷம் மட்டும்தான் மிச்சம்.

பாலு சித்தப்பா: அண்ணா, பறை, ஒயில், கரகம், சிலம்பம் எல்லாம் ஒரே மாலையில் வர வேண்டும். கூத்தே விடிய விடிய நடந்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? 2007-இல் முதல் சங்கமம் நடந்தபோது, பூங்காவில் பறை அடிக்கிறார்களே என்று எங்கள் தெருவில் முகம் சுளித்தவர்கள் உண்டு. நடுவில் பல வருடம் நின்றுபோய் 2023-இல் மீண்டும் வந்தபோது, அதே தெருப் பிள்ளைகள் பறைக்கு முன்னால் நின்று ஆடினார்கள். எனக்கு அது போதும்.

கார்த்தி: என் ஓட்டு மல்லர் கம்பத்துக்கு. வழுவழுப்பான கம்பத்தின் உச்சியில் ஒரு பையன் இரண்டு கையையும் விட்டுவிட்டுத் தொடையால் மட்டும் பிடித்துக்கொண்டு கிடையாக நிற்கிறான். சர்க்கஸ் தோற்றது.

பெரியப்பா: அர்ச்சுனன் தபசு பார்த்திருக்கிறாயா? பாரதக் கூத்தில் தபசு மரம் நடுவார்கள். வேஷத்தோடு ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார்கள். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். சர்க்கஸ், நாடகம், சாமி மூன்றும் ஒரே மரத்தில்!

கார்த்தி: அதற்கும் இலவசம்தானே பெரியப்பா?

பெரியப்பா: பார்ப்பவனுக்கு இலவசம். வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஊர் கொடுக்கும். இங்கே அரசாங்கம் கொடுக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுந்தரி அத்தை: கழைக்கூத்தாடியைக் கூப்பிட்டிருக்கிறார்களா?

வளர்மதி: நான் பார்த்த மேடையில் இல்லை அத்தை. ஆனால் திரும்பி வரும்போது சாலையோரத்தில் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் தலையில் சொம்புகளை அடுக்கிக்கொண்டு, மூங்கிலைப் பிடித்தபடி நடந்தாள். கீழே அவள் அப்பா மேளம் தட்டினார். மேடையில் கைதட்டிவிட்டு வந்த கூட்டம் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சோளம் வாங்கிக்கொண்டிருந்தது.

சுந்தரி அத்தை: அதைத்தான் கேட்கிறேன். அவர்களும் கலைஞர்கள்தானே? மேடை கொடுத்தால் என்ன?

கார்த்தி: பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளையைக் கயிற்றில் ஏற்றுவதற்கா அத்தை?

சுந்தரி அத்தை: பிள்ளையை இறக்கிவிட்டு அப்பனை ஏற்றச் சொல்கிறேன்.

பாலு சித்தப்பா: 👏 அக்கா பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

வளர்மதி: இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். குதிரை ஆடியவரை மேடைக்குப் பின்னால் பார்த்தேன். முதலில் தோளிலிருந்து கூட்டை இறக்கினார். அப்புறம் கட்டைக்காலை அவிழ்த்தார். கெண்டைக்காலைச் சுற்றிப் பழைய வேட்டித் துணி, அதற்கு மேல் கயிறு. பிரித்ததும் தோலில் கயிற்றின் முறுக்கு அப்படியே பதிந்திருந்தது. “வலிக்கிறதா?” என்று பாப்பா கேட்டாள். “ஆடும்போது தெரியாது கண்ணு, தரையில் கால் வைத்தால்தான் தெரியும்” என்றார். அதற்குள் அடுத்த இடத்துக்கு வேன் வந்துவிட்டது.

பெரியப்பா: கையில் ஏதாவது கொடுத்தாயா?

வளர்மதி: கொடுத்தேன். பாப்பா கையால்.

பெரியப்பா: நல்லது. திரௌபதி அம்மன் கோவில் அக்னி வசந்த விழாவுக்கு அவளை இங்கே அழைத்து வா. முழு இரவுக் கூத்தும் பார்க்கட்டும்.

பாலு சித்தப்பா: சரி, இன்று மாலை யார் யார்? அக்காவுக்கு நாற்காலி பிடிப்பது கார்த்தி பொறுப்பு.

கார்த்தி: பிடிக்கிறேன். ஆனால் முன்வரிசை வேண்டாம். கட்டியக்காரன் அங்கே இருப்பவர்களைத்தான் வம்புக்கு இழுப்பான்.

சுந்தரி அத்தை: முன்வரிசையிலேயே பிடி. அவனுக்கு மட்டும்தான் வாய் இருக்கிறதா?