ஒரே கை வருடக்கணக்கில் எழுதிய சூப்பர் ஹீரோ தொடர்: உங்களுக்கு நெருக்கமானது எது?

இரவு_வாசிப்பு

நண்பர்களே, ஃபிராங்க் மில்லர் எழுதிய டேர்டெவில் (பகலில் வக்கீல், இரவில் முகமூடி வீரனான பார்வையற்ற மேட் மர்டாக்கின் கதை) முழுவதையும் இப்போதுதான் முடித்தேன். 168-ஆவது இதழில் ஆரம்பித்து 191 வரை, அப்புறம் 1986-இல் அவர் திரும்பி வந்து டேவிட் மட்சுகெல்லியோடு செய்த ‘பார்ன் அகெய்ன்’. மூடி வைத்துவிட்டேன், ஆனால் மனசு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

181-இல் மேட்டின் பழைய காதலி எலெக்ட்ரா சாவாள் என்பது படிக்கும் முன்பே தெரியும், எல்லோரும் பேசிப் பேசிப் பழகிய விஷயம்தானே. என்னை உலுக்கியது அதற்கு அடுத்த இதழ். அவள் இறந்ததை மேட் மர்டாக் நம்பவே மாட்டேன் என்கிறான். ஊரில் உள்ள எல்லாச் சத்தமும் கேட்கிற காது அவனுக்கு, ஆனால் மனசு மட்டும் கேட்கவில்லை, கடைசியில் கல்லறைக்கே போய்த் தோண்டிச் சவப்பெட்டியைத் திறந்த பிறகுதான் ஒப்புக்கொள்கிறான். ஒரு சூப்பர் ஹீரோ கதையில் துக்கத்தை இவ்வளவு பச்சையாக எழுத முடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

‘பார்ன் அகெய்ன்’ இன்னும் கொடூரம். மேட்தான் டேர்டெவில் என்ற ரகசியத்தை அவன் முன்னாள் காதலி கேரன் பேஜ் போதைக்காக விற்க, அது குற்றக்கும்பல் தலைவன் கிங்பின் கைக்கு வந்ததும் அவன் அடியாளை அனுப்பவில்லை. அவசரமே படாமல் மேட்டின் வங்கிக் கணக்கு, வக்கீல் தொழில், வீடு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறான். முதல் சில இதழ்களின் தலைப்புப் பக்கங்களைக் கவனித்தீர்களா? எல்லாவற்றிலும் மேட் படுத்திருப்பதை மேலேயிருந்து பார்க்கிறோம். முதலில் சொந்தக் கட்டில், அப்புறம் மட்டமான ஒரு விடுதி அறை, அப்புறம் தெருச் சந்து, போகப் போக உடம்பு சுருண்டுகொண்டே போகிறது. வசனமே இல்லாமல் அவன் வீழ்ச்சி முழுவதும் அதிலேயே இருக்கிறது.

இப்போது கேள்விக்கு வருகிறேன். இதுபோல ஒரே ஆள் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்து, பல இதழ்கள் கூடவே இருந்து, அதை வேறு ஒன்றாக மாற்றிய ரன்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? ‘சிறந்த 10’ பட்டியல்கள் நிறையப் பார்த்துவிட்டேன். உங்களுக்கு ஏன் பிடிக்கும், எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டீர்கள், அதைச் சொல்லுங்கள்.

பழைய_இதழ்

வால்டர் சைமன்சன் செய்த தோர். யோசிக்கவே வேண்டாம். 1983-இல் 337-ஆவது இதழில் எழுத்து, ஓவியம் இரண்டையும் ஏற்றுக்கொண்டார், 382 வரை எழுதினார் (பிற்பகுதியில் ஓவியம் பெரும்பாலும் சால் புசேமா).

முதல் இதழ் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். எங்கோ ஓர் உலைக்களம். முகம் தெரியாத ஏதோ ஒன்று கொதிக்கும் உலோகத்தை அடிக்கிறது, ‘டூம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு சத்தம். யார், எதற்கு, ஒன்றும் சொல்லாமல் கதை வேறு பக்கம் போய்விடும். சில இதழ்கள் கழித்து மறுபடியும் ஒரு பக்கம், மறுபடியும் டூம். தோர் வேறு எதையோ துரத்திக்கொண்டிருக்க, நடுநடுவே அந்த அடி மட்டும் விழுந்துகொண்டே இருக்கும். ஏறக்குறைய ஒரு வருடம் இப்படியே போய், உலையில் உருவானது ஒரு வாள், அதை அடித்துக்கொண்டிருந்தது நெருப்பு அரக்கன் சர்ட்டர் என்று தெரிந்து, அவன் அதை ஏந்தித் தோரின் ஊரான ஆஸ்கார்டுக்கு வரும்போது நமக்கு வயிறு கலங்கும், ஏனென்றால் இது வரப்போகிறது என்று நம் காதில் அத்தனை மாதமாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. ஜான் வொர்க்மன் வரைந்த எழுத்துகளுக்கு இதில் பாதிப் பங்கு உண்டு, அந்தச் சத்தம் ஓவியத்தின் மேல் ஒட்டியதுபோல் இருக்காது, கட்டிடத்தின் ஒரு தூண் மாதிரி நிற்கும்.

ஆனால் நான் மாட்டிக்கொண்ட பக்கம் அது இல்லை. 362-ஆவது இதழில் ஸ்கர்ஜ். வருடக்கணக்காக இன்னொருத்தியின் பேச்சைக் கேட்டு ஆடிய அடியாள், எல்லோரும் சிரித்த ஆள். நரகத்திலிருந்து மற்றவர்கள் தப்பிக்க வேண்டும், யாராவது ஒருவர் கியாலர்ப்ரூ பாலத்தில் நின்று சாவின் தேவி ஹெலாவின் படையைத் தடுக்க வேண்டும். அவன் போய் நிற்கிறான். கையில் துப்பாக்கி, எதிரே முடிவே இல்லாத செத்தவர் கூட்டம். அந்த நாலைந்து பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கு இல்லை, ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும். இத்தனைக்கும் அவன் இரண்டாம் நிலை வில்லன். அப்படி ஒருவனுக்கு இப்படி ஒரு சாவைக் கொடுக்க எழுதுகிறவனுக்குப் பெரிய மனசு வேண்டும்.

நிலவு_137

தோர் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ‘வருடக்கணக்கில் கூடவே இருந்தது’ என்று கேட்டால் கிறிஸ் கிளேர்மான்ட் பெயரை விட்டுவிட்டு எப்படிப் பேசுவது? எக்ஸ்-மென் 1970 முதல் 75 வரை பழைய கதைகளை மறுபதிப்பு போட்டே ஓடிக்கொண்டிருந்த பத்திரிகை. 94-ஆவது இதழில் வந்தவர் 1991 வரை விடவில்லை, 16 வருடம்.

பொறுமைக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். எக்ஸ்-மென் குழுவின் ஜீன் கிரே 101-இல் பெரும் சக்தி கொண்ட பீனிக்ஸாக எழுகிறாள், 137-இல் நிலவில் சாகிறாள், இடையில் 4 வருடம். அந்தச் சக்தி அவளுக்கு ருசிக்க ஆரம்பிப்பது சின்னச் சின்ன இடங்களில் வருகிறது, ஒரு முகபாவம், ஒரு பதில், அவள் காதலன் ஸ்காட் ஒரு நொடி தயங்குவது. அதனால்தான் அவள் ஒரு சூரியனையே விழுங்கி ஒரு கிரகத்து மக்கள் எல்லோரையும் கொல்லும்போது, இது ஜீன்தானா என்று வயிற்றில் புளியைக் கரைக்கிறது. ஜான் பைர்ன் ஓவியமும் அதன் உச்சத்தில் இருந்த காலம். 132-இன் கடைசியில் சாக்கடைத் தண்ணீரிலிருந்து வோல்வரின் எழுந்து வரும் கட்டம், ஆஹா.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் எழுதிய முடிவில் ஜீன் சாகவில்லை, சக்தியை மட்டும் இழந்து உயிரோடு இருப்பாள். அத்தனை கோடிப் பேரைக் கொன்றவளுக்கு இது தண்டனையா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளாததால்தான் முடிவு மாறியது. அவர் கேட்டது சரி என்பதே என் கருத்து. அந்தச் சாவு இல்லாவிட்டால் கதைக்கு எடையே இல்லை. அதனாலேயே 1986-இல் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, செத்தது நிஜ ஜீனே இல்லை என்று சொன்னதை என்னால் இன்று வரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அம்பு_நாய்

நீளம்தான் அளவுகோலா? மேட் ஃபிராக்‌ஷன், டேவிட் அஹா செய்த ஹாக்ஐ வெறும் 22 இதழ், 2012 முதல் 2015 வரை. அவெஞ்சர்ஸ் வேலை இல்லாத நாளில் ஹாக்ஐயான கிளின்ட் என்ன செய்கிறான் என்பதுதான் கதை. 11-ஆவது இதழ் முழுக்க அவன் நாயின் பார்வையில் போகிறது, யார் எங்கே வந்து போனார்கள் என்பதை அது மோந்து மோந்து கண்டுபிடிப்பதைச் சின்னச் சின்னக் குறியீடுகளாக அஹா வரைந்திருப்பார், மனிதர்கள் பேசுவதில் நாய்க்குப் புரிகிற ஒன்றிரண்டு சொல் மட்டும் நமக்கும் தெரியும். 19-இல் கிளின்ட்டுக்குக் காது கேட்காமல் போகும். பேச்சுக் குமிழ்கள் காலியாக வரும், சைகை மொழி கைகளாக வரும், மொழிபெயர்ப்பு கிடையாது. அவன் தவிப்பை நம்மையும் படவைக்கிற மாதிரி.

இரவு_வாசிப்பு

மூன்றும் எனக்குப் புதுசு, நன்றி. @பழைய_இதழ், 337-க்கு முன்னால் ஏதாவது படிக்க வேண்டுமா?

பழைய_இதழ்

ஒன்றுமே வேண்டாம். புதுப் படைப்பாளி வந்துவிட்டார் என்று அட்டையே சொல்லும்: தோர் இல்லாத வேறு ஒருவன், குதிரை முகத்தோடு, தோரின் சுத்தியலை வீசித் தலைப்பு எழுத்தையே உடைத்துக்கொண்டு வருவான். அவன் யார் என்று தோருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

மின்னல்_வேகம்

தாமதமாக வந்தேன். மார்க் வெய்ட் எழுதிய ஃப்ளாஷ் பெயரை யாரும் சொல்லாதது வருத்தம். முந்தைய ஃப்ளாஷ் பேரி ஆலன் 1985-இல் இறந்த பிறகு அந்த உடையைப் போட்டுக்கொண்ட சீடன் வாலி வெஸ்ட். ‘ரிட்டர்ன் ஆஃப் பேரி ஆலன்’ 1993-இல், 74 முதல் 79 வரை. இறந்த குரு வாசலில் வந்து நிற்கிறார், அதற்கு மேல் சொல்ல மாட்டேன். வாலி ஏன் பேரி அளவுக்கு வேகமாக ஓட முடியாமல் இருந்தான் என்பதற்கு அங்கே ஒரு காரணம் வருகிறது. காலில் குறை இல்லை. பேரியைத் தாண்டி ஓடிவிட்டால் அவர் இடத்தை நிஜமாகவே தான் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்ற பயம். அப்பா செய்த தொழிலுக்கு வந்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும். பாத்திரத்தை மாற்றிய ரன் என்று கேட்டீர்களே, இது அதுதான்.

நிலவு_137

வாலி விஷயம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். @இரவு_வாசிப்பு, எக்ஸ்-மென்னுக்கு வரும்போது ஒன்று: ஜீன் பிழைக்கும் அந்தப் பழைய முடிவு 1984-இல் ‘பீனிக்ஸ்: தி அன்டோல்ட் ஸ்டோரி’ என்று தனியாக வந்தது. அதை 137 முடிக்கும் வரை தொடாதீர்கள். முடித்துவிட்டு, சில நாள் விட்டு எடுங்கள்.

இரவு_வாசிப்பு

சரி, அப்படியே செய்கிறேன். தோர் 337 இப்போதுதான் திறந்தேன். முதல் டூம் விழுந்துவிட்டது.