பன்னிரண்டு இன்ச் டிரில் கேட்டுப் போன கதை

ராயபுரம் மரத்தூள்:

அமெரிக்கக்காரர்கள் மரவேலை செய்யும் வீடியோக்களை ஆறு மாதம் பார்த்துவிட்டு, தூணில் நின்றபடி நேர்க்குத்தாகத் துளை போடும் மெஷின் வாங்க பிராட்வேயில் ஒரு கடைக்குப் போய் "பன்னெண்டு இன்ச் டிரில் பிரஸ் இருக்கா?" என்று கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பன்னெண்டு இன்ச்சா? எதுக்கு சார், போர்வெல் போடவா?" ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த லோடுமேன் வரை எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிய ஒரு வாரம் ஆனது. அமெரிக்காவில் மெஷினின் தூணுக்கும் துளை போடும் பிட்டின் நடுவுக்கும் உள்ள இடைவெளியை இரண்டால் பெருக்கி, அதையே மெஷினின் சைஸாகச் சொல்கிறார்கள். 12 இன்ச் மெஷின் என்றால் 12 இன்ச் அகலப் பலகையின் நட்டநடுவில் துளை போடலாம், அவ்வளவுதான். நம் கடைகளில் 13 எம்.எம்., 20 எம்.எம்., 25 எம்.எம். என்று கேட்க வேண்டும். இரும்பில் எவ்வளவு பெரிய துளை போடும் என்ற கணக்கு அது. லேத் பட்டறைக்காரருக்கு அந்த எண் போதும், மரவேலைக்காரனுக்கு அதை வைத்து ஒன்றும் தெரியாது. மரத்தில் பெரிய வட்டக் குழி குடையும் 45 எம்.எம். ஃபார்ஸ்ட்னர் பிட்டின் காம்பு 10 எம்.எம்.தான், பிட்டைக் கவ்வும் 13 எம்.எம். சக்கிலேயே கச்சிதமாக உட்கார்ந்துவிடும். தூண் எவ்வளவு தள்ளி இருக்கிறது, பிட் எவ்வளவு கீழே இறங்கும், எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்ற மூன்றையும் கடையில் கேட்டால் தேடித்தான் சொல்வார்கள். அதனால் டேப்பைக் கையோடு கொண்டு போங்கள்.

எனக்கு மெஷின் எதற்கு என்றால், கேரம் போர்டு. எங்கள் பக்கத்தில் கேரம் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. உலக கேரம் சாம்பியன் வியாசர்பாடி இளவழகியைப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது, 2024-ல் புதுவண்ணாரப்பேட்டை காசிமா உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிவந்த பிறகு சின்னப் பிள்ளைகளும் போர்டு கேட்கிறார்கள். ஆடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், பாக்கெட் 4.45 செ.மீ. விட்டம். நாலு மூலையிலும் ஒரே அளவில், சில்லு பெயராமல், நேர்க்குத்தாக வர வேண்டும். கை டிரில்லில் முயன்று இரண்டு பிளைவுட்டை வீணாக்கிய பிறகுதான் மெஷின் ஆசையே வந்தது.

அதே கடையில் வாங்கியது ஒரு குட்டி 13 எம்.எம். பெஞ்ச் டிரில். மேஜை மேல் வைக்கலாம், ஒரு ஆள் தூக்கலாம். தூக்க முடிகிறதே என்று சந்தோஷப்பட்டேன், அதுதான் முதல் தப்பு. டேபிள் ஒரு சாண் சதுரம். அதன் மேல் 74 செ.மீ. பலகையை வைத்து மூலையில் பிட்டை இறக்கினால் மிச்சப் பலகை மொத்தமும் அந்தரத்தில் தொங்குகிறது. ஒரு கையால் அதைத் தாங்கி, மறு கையால் கைப்பிடியை இழுத்தேன். பிட்டின் ஒரு ஓரம் மட்டும் கவ்வியது, "டக்" என்று பலகை திரும்பி என் வயிற்றில் இடித்தது. சரி, அடியில் ஸ்டூல் போட்டுத் தாங்குவோம் என்று மறுபடி ஆரம்பித்தால், இந்த முறை புகை. கருகிய பிளைவுட் வாசனையில் வீட்டில் "அடுப்புல என்ன?" என்று எட்டிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான்: மெஷின் வந்தபோது, மோட்டாரிலிருந்து பிட்டைச் சுற்றவைக்கும் பெல்ட், படிப்படியாக இருக்கும் புல்லியின் மேல் படியில் மாட்டியிருந்தது, நிமிடத்துக்கு 2,600 சுற்றுக்குக் கிட்டே. 45 எம்.எம். பிட்டின் விளிம்பு ஒரு சுற்றுக்கு 14 செ.மீ. ஓடும். அதை 2,600-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 360 மீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் மரம் சீவப்படாது, தேய்ந்து கருகும். மூடியைத் திறந்து பெல்ட்டைக் கீழ்ப் படிக்கு மாற்றியதும் அதே பிட் சுருள் சுருளாகச் சீவிப் போட்டது. பெல்ட்டை மாற்றலாம் என்பதை அதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் பெட்டியில் இருந்த தாளைப் படிக்கவில்லை.

அதோடு விட்டதா? ஸ்டூல் காலுக்கு 3 இன்ச் தேக்கில் துளை போடப் போனால் பிட் 50 எம்.எம். வரைதான் இறங்கியது. பாதி போட்டு, கட்டையைத் திருப்பி மறுபக்கம் போட்டால் இரண்டு துளையும் சந்திக்கவே இல்லை.

அப்புறம்தான் எங்கள் தெருவில் இருக்கும் பெரியவர் வந்தார். ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மெஷினைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஒரு பழைய சைக்கிள் ஸ்போக்ஸை இரண்டு இடத்தில் மடக்கி எடுத்து வந்தார். ஒரு முனையைச் சக்கில் மாட்டி, மறு முனை டேபிளை லேசாக உரசும்படி வைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றினார். முன்னால் உரசியது, வலப்பக்கம் உரசியது, பின்னால் வந்தபோது கம்பிக்கும் டேபிளுக்கும் நடுவே பத்து ரூபாய் நாணயம் போகிற இடைவெளி. "டேபிள் பின்னால குனிஞ்சு கிடக்கு தம்பி. நீ நேரா இறக்குறேன்னு நினைச்சா அது சாய்வாத்தான் போகும்." மெல்லிய தகடாக வார்த்த டேபிள், பக்கவாட்டில் சாய்க்க போல்ட் உண்டு, முன்னும் பின்னும் திருத்த வழியில்லை. தகரம் மடித்து முட்டுக் கொடுக்கத்தான் முடிந்தது.

அவரையே கூட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டையில் பழைய மெஷின் விற்கும் ஒரு இடத்துக்குப் போனேன். மூடிப்போன பட்டறையிலிருந்து வந்த 20 எம்.எம். பில்லர் டிரில் (தரையில் நிற்கும் பெரிய சைஸ்) ஒன்று, பெயின்ட்டெல்லாம் போய், டேபிள் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துளைகளோடு நின்றது. எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவர் தழும்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கைப்பிடியை முழுக்க இழுத்து, பிட்டோடு சேர்ந்து இறங்கி நின்ற உருளையை, அதாவது ஸ்லீவை, இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டினார். ஆட்டம் இல்லை. சக்கைக் கழற்றச் சொல்லி ஸ்பிண்டிலைச் சுற்றி, காதை வைத்துக் கேட்டார். "பேரிங் நல்லாருக்கு. சக்கு போயிருந்தா புதுசு போட்டுக்கலாம், ஸ்லீவு தேஞ்சிருந்தா மெஷினையே தூக்கிப் போடணும். தழும்பு மேல நீ பிளைவுட்டுதான போடப் போற?" என்றார். பேரம் பேசி, புது மெஷினுக்குக் கொடுத்ததைவிட கொஞ்சம் கூடக் கொடுத்து முடித்தேன். மீன்பாடி வண்டியில் ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். வண்டிக்காரர் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

அதில் இருந்தது த்ரீ ஃபேஸ் மோட்டார், வீட்டிலோ சிங்கிள் ஃபேஸ். பழையது வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். புதிதில்கூடக் கவனம், ராஜ்கோட், படாலா பக்கத்திலிருந்து வரும் வார்ப்பிரும்பு மெஷின்களுக்குப் பல கடைகளில் மோட்டார் இல்லாமல்தான் விலை சொல்வார்கள். நான் 1,440 சுற்று, அரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் மாட்டினேன். மோட்டாரில் 2 இன்ச் புல்லி, மேலே 5 இன்ச் புல்லி என்றால் 576 சுற்று, பாக்கெட் போடத் தோதான வேகம்.

மாட்டிய அன்றே ஒரு கூத்து. பிட் புதுசு, மரம் காய்ந்த தேக்கு, வேகமும் சரி, ஆனாலும் புகை வருகிறது, துளை விழவில்லை. பிட் மொக்கை என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டேன். போகிற வழியில் பெரியவர் மடக்கி, "எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாத்தியா?" என்றார். இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டார்ட்டிங் வைண்டிங்கின் இரண்டு வயரை மாற்றிப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே சிரித்துக்கொண்டு போனார்.

இப்போது டேபிள் மேல் இரண்டரை அடிக்கு மூன்றடி பிளைவுட்டை போல்ட் போட்டுப் பொருத்தி, பாக்கெட் மையம் தப்பாமல் இருக்க மூலையில் இரண்டு ரீப்பர் அடித்திருக்கிறேன். அடியில் வீண் பலகை ஒன்றைக் கட்டாயம் வைக்கிறேன், பிட் வெளியே வரும்போது சில்லு பெயராது. உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பெரம்பூர் பல்லாங்குழி:

அண்ணா, பெரிசுதான் வாங்கணும் என்று புதிதாக வருகிறவர்களைப் பயமுறுத்தாதீர்கள். நான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன், படி ஏற்ற முடிகிற மெஷின்தான் எனக்கு மெஷின். நீங்கள் திட்டுகிற அதே குட்டி 13 எம்.எம்.மில்தான் மூன்று வருடமாகப் பல்லாங்குழி செய்கிறேன். 14 குழியும் ஒரே ஆழம் வர வேண்டும், டெப்த் ஸ்டாப் நட்டை இறுக்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு இறக்கலாம். ஃபார்ஸ்ட்னர் தட்டையாகத்தான் குடையும், வளைவைக் கையால் உளி வைத்து முடிக்கிறேன். ஒரு குழிக்கு 20 எம்.எம். ஆழம்கூட வேண்டாம், 50 எம்.எம். இறக்கம் எனக்குத் தாராளம்.

அதற்கு முன்னால் கை டிரில்லை மாட்டும் ஸ்டாண்ட் ஒன்று வாங்கி ஏமாந்தேன். மலிவு. ஆனால் இறக்கும்போது டிரில் தலையாட்டும், ஒரு குழி வட்டம், அடுத்தது முட்டை. அதற்குக் கொடுத்த காசை மெஷினில் போட்டிருக்கலாம்.

பெண்கள் யாராவது படித்தால்: பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டுவிட்டு சுவிட்சைத் தொடுங்கள், துப்பட்டா அறைக்கு வெளியே. கையுறையும் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துப் போடுவார்கள், நூல் பிட்டில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

தண்டையார்பேட்டை உளி:

கையில் ஏழு தையல் போட்டவன் பேசுகிறேன். சின்னத் துண்டுதானே என்று கையால் பிடித்தேன். துளை போடும்போது ஒன்றும் ஆகவில்லை, அடிப்பக்கம் வெளிவருகிற நொடியில் பிட் கவ்வி, துண்டு காற்றாடி மாதிரி சுற்றியது. அதற்குப் பிறகு கிளாம்ப் போடாமல் சுவிட்சைத் தொடுவதில்லை.

நீளப் பலகைக்கு ஆசாரி ஒருவர் சொல்லிக்கொடுத்தது: பலகையின் இடது முனை தூணின் இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும்படி வையுங்கள். பிட் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், கவ்வினால் இடது முனை பின்னால் போய்த் தூணில் முட்டி நின்றுவிடும். மற்றபடி சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போட்ட கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கும், என்னுடையது ட்யூப்லைட்டோடு போனது.

வியாசர்பாடி மரக்கடை:

மிக்ஜாம் வந்தபோது, 2023 டிசம்பரில், எங்கள் பட்டறையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பலகை அறுக்கும் டேபிள் சாவின் மோட்டார் தண்ணீருக்குள், மரம் குடையும் ரூட்டரும் தண்ணீருக்குள். பில்லர் டிரில் மட்டும் பேஸ் நனைந்து நின்றது, அதற்கு மோட்டார் தலையில் அல்லவா இருக்கிறது! தண்ணீர் வடிந்த பிறகு துடைத்து, கிரீஸ் போட்டு, நன்றாகக் காயவிட்டு ஓட்டினேன். மெஷின் வாங்க நாலு காரணம் சொல்வார்கள், எங்கள் ஏரியாவுக்கு இது ஐந்தாவது.

எண்ணூர் உப்புக்காற்று:

இங்கே கடல் காற்றில் தூண் ஒரே வாரத்தில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். தூணுக்கும் ஸ்லீவுக்கும் மெஷின் ஆயில் சரி, டேபிளுக்கு எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை ஏறி பாலிஷ் பிடிக்காது. மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துணியால் இழுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு நாள் சக் மொத்தமாகக் கழன்று டேபிளில் விழுந்து சுற்றியது. உயிர் போய் வந்தது. தப்பு என்னுடையது, மணல் தாள் உருளையைச் சக்கில் மாட்டி, பலகையைப் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்தேன். சக் வெறும் சரிவுப் பிடிப்பில் நிற்கிறது, பக்கவாட்டு அழுத்தம் தாங்காது. மாட்டும்போது இரண்டு பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, தாடையை உள்ளே இழுத்துவிட்டு, அடியில் மரச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் போதும்.

புது ஆள் மணலி:

எல்லாம் சரி, ஒரு எச்.பி.யா அரை எச்.பி.யா? சனிக்கிழமை போகிறேன்.

ராயபுரம் மரத்தூள்:

அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்சுக்கு 35 எம்.எம். குழி, கேரம் பாக்கெட், ஸ்டூல் கால், இதற்கெல்லாம் அரை எச்.பி. தாராளம் தம்பி. கடையில் எச்.பி.யைத்தான் முதலில் சொல்வார்கள், கேட்டுக்கொண்டு தலையாட்டுங்கள். பெரம்பூர் தங்கச்சி சொன்னதும் நியாயம்தான், நான் கீழ் வீட்டில் இருப்பதால் எடையைப் பற்றிப் பேசுகிறேன். மாடி என்றால் அந்தக் குட்டியையே வாங்கி, பெரிய பிளைவுட் மேடை போட்டு பெஞ்சோடு போல்ட் அடித்துவிடுங்கள். என் பழைய குட்டி இன்னும் மூலையில்தான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து ஓட்டிப் பாருங்கள். வரும்போது ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் எடுத்து வாருங்கள், எப்படி மடக்குவது என்று பெரியவரே காட்டுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வந்தால் அவர் கேரமில் உட்கார்ந்துவிடுவார், எழுப்ப முடியாது.