பாழான நிலத்தின் புலம்பல்: எரேமியா 12-ஐ எப்படி வாசிப்பது?

கேள்வி: சென்னிமலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பழைய ஏற்பாட்டில் உள்ள எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து 12-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பேசிய போதகர், குடிகளின் பொல்லாப்பினால் தேசம் புலம்புகிறது, புல் வாடுகிறது என்ற 4-ஆம் வசனத்தை வாசித்துவிட்டு, நம் பகுதியில் கிணறுகள் வற்றுவதும் விசுவாசக் குறைவின் பலனே என்று முடித்தார். எனக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது அவர் இரண்டு இடங்களில் போர் போட்டுப் பார்த்தார்; இரண்டிலும் கல்மாவுதான் பறந்தது. அடுத்த கோடையில் தென்னைகளின் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கி, கடைசியில் குருத்தும் சாய்ந்தபின், மரங்களை வெட்டிச் செங்கல் சூளைக்குக் கொடுத்தோம். லாரியில் ஏற்றிய அன்று அவர் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. குடும்ப ஜெபத்தை ஒருநாளும் விடாத மனிதர், ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும் வழியில், “நான் எதுல தப்புப் பண்ணுனேன்னு தெரியலியே சாமி” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தீர்க்கதரிசிகளின் புலம்பலை விசுவாசிகள் இப்படித்தான் வாசிக்க வேண்டுமா?

பதில் 1: பவானிக்கரை

தம்பி, அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தால் வேறொரு காட்சி தெரியும். துன்மார்க்கரின் வழி ஏன் வாய்க்கிறது, துரோகம் செய்கிறவர்கள் ஏன் சுகமாக இருக்கிறார்கள் என்று எரேமியா தேவனிடம் வழக்காடுவதில்தான் அது தொடங்குகிறது. உங்கள் போதகர் எடுத்த 4-ஆம் வசனம் அந்த வழக்கின் ஒரு பகுதி. குடிகளின் பொல்லாப்பினால் அழிந்துபோவதாக அவ்வசனம் சொல்வது மிருகங்களையும் பறவைகளையும். கொக்கும் மாடும் என்ன பாவம் செய்தன? ஒருவர் செய்த வினை வேறொருவர் தலையில் விடிகிறது என்பதுதான் தீர்க்கதரிசியின் முறையீடு. அதைக் கொண்டே, காய்ந்த தோட்டத்துக்காரரைக் குற்றவாளி ஆக்குவது வசனத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

7-ஆம் வசனத்திலிருந்து பேசுகிறவர் மாறுகிறார். என் வீட்டை விட்டுவிட்டேன் என்று அங்கே துக்கப்படுகிறவர் தேவனே. மேய்ப்பர்கள் பலர் தம்முடைய திராட்சத்தோட்டத்தை மிதித்துப் பாழாக்கினார்கள் என்கிறார். அந்த மேய்ப்பர்கள் படையெடுத்து வந்த அரசர்களா, உள்நாட்டுத் தலைவர்களா என்பதில் உரையாசிரியர்களிடையே இரு கருத்துகள் உண்டு. எப்படியானாலும் அவர்கள் அதிகாரத்தில் இருந்தவர்கள், ஏர் பிடித்தவர்கள் அல்லர். 11-ஆம் வசனத்தில் பாழாய்க் கிடக்கும் நிலம் தேவனை நோக்கிப் புலம்புகிறது. பழைய ஏற்பாடு நிலத்தின் துக்கத்துக்குப் பயன்படுத்தும் ‘ஆபல்’ என்ற எபிரேய வினைக்கு வறண்டுபோதல் என்ற பொருளையும் அகராதிகள் தருகின்றன. ஆகவே வெடித்துக் கிடக்கும் வயலைப் பார்த்து ஒரு எபிரேயன் “நிலம் அழுகிறது” என்று சொன்னபோது, அவன் உவமைக்காகத் தனியாக மெனக்கெடவில்லை. அதே வசனத்தின் முடிவில் வரும் குற்றச்சாட்டையும் கவனியுங்கள்: ஒருவனும் அதை மனதிலே வைக்கிறதில்லை. நிலம் அழுவதைக் கேட்டும் கேளாமல் போகிறவர்கள்மேல் வைக்கப்பட்ட குற்றம் அது. உங்கள் அப்பா அதை மனதில் வைத்ததனால்தான் லாரி வந்த அன்று தோட்டத்துக்கு வர முடியாமல் போயிற்று.

பதில் 2: கரூர் வாய்க்கால்

பவானிக்கரை ஐயா சொன்னதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் ஆறுதல் சொல்லும் அவசரத்தில் நியாயத்தீர்ப்பை அப்படியே ஓரங்கட்டிவிடக் கூடாது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை என்ன ஆயிற்று என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதில் தேங்கியது திருப்பூரின் சாயக்கழிவு. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் எத்தனை மனுக்கள், எத்தனை போராட்டங்கள்! கீழ்ப்பகுதியில் எங்கள் வயலில் தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் வரப்போரம் வெள்ளையாக உப்புப் படியும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். இங்கே குடிகளின் பொல்லாப்பு என்ற சொல்லுக்கு நேரான பொருளே இருக்கிறது, விசுவாசக் குறைவு என்று சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

இதைச் சொல்லும் நானும் வெளியே நின்று கல்லெறியத் தகுதி உள்ளவன் அல்லன். வயல் கைவிட்ட பிறகு ஆறு ஆண்டுகள் ஒரு சாயப்பட்டறையில் கூலி வாங்கியவன் நான். அந்தக் கூலியிலிருந்து காணிக்கையும் போட்டேன், ஸ்தோத்திரமும் சொன்னேன். பிரசங்கத்தில் நொய்யலின் பெயர் ஒருமுறைகூட வந்ததாக எனக்கு நினைவில்லை.

பதில் 3: அவிநாசி அமுச்சி

இறையியல் எனக்குத் தெரியாது, ஒப்பாரி தெரியும். எரேமியா 9-ஆம் அதிகாரத்தில், புலம்பல் பாடத் தெரிந்த பெண்களை அழைத்து வாருங்கள், உங்கள் குமாரத்திகளுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள் என்று கர்த்தரே சொல்கிறார். இழவு வீட்டில் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது, செத்தவர் ஏன் செத்தார் என்று யாரும் விசாரணை நடத்துவதில்லை. முதலில் அழுவோம், கேள்வி, கணக்கு, பங்காளிச் சண்டை எல்லாம் கருமாதிக்குப் பிறகுதான். உங்கள் போதகர் பிணம் வீட்டில் கிடக்கும்போதே கணக்குக் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். கண்ணு, உங்கள் அப்பாவுக்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். 14-ஆம் அதிகாரத்தில் பஞ்சத்தைப் பற்றி வருகிறதே, அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கரூர் அண்ணா எழுதியதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டிலும் பனியன் கம்பெனிச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. அமுச்சி சொன்னபடி நேற்று இரவு 14-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். பிரபுக்கள் தண்ணீருக்கு ஆள் அனுப்ப, அவர்கள் வெறும் பாத்திரத்தோடு திரும்பும் இடத்தில் அப்பா ‘ம்’ கொட்டினார். புல் இல்லாததனால் மான் ஈன்ற குட்டியை விட்டுவிட்டு ஓடும் வசனம் வந்ததும், போதும், நிறுத்து என்று கையைக் காட்டினார். சிறிது நேரம் கழித்து, அந்தக் கோடையில் காங்கயம் மாட்டை ஒருவருக்கும் கன்றை வேறொருவருக்கும் சந்தையில் விற்றுவிட்டு வந்ததைச் சொன்னார். இரண்டும் ஒரே இடத்துக்குப் போயிருப்பதாகத்தான் இத்தனை வருடமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.